பழைய கிற்றாரின் தேய்ந்த மெருகு: வாவிக்கரை ஊர்களுக்கான பேணல் முறை

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்துண்டாக நீண்டு கிடக்கும் கல்லடி, நொச்சிமுனை, நாவற்குடா, காத்தான்குடி ஆகிய ஊர்களில், மரத்தால் செய்த எந்த இசைக்கருவியும் இரு புறத்திலிருந்தும் ஈரத்தையும் உப்பையும் ஏற்றுக்கொண்டே தன் ஆயுளைக் கழிக்கின்றது. இங்கே நாற்பது ஐம்பது ஆண்டுகளாக வாசிக்கப்பட்டு வந்த கிற்றாரில் முதலில் பாதிப்புறுவது மரமன்று, மரத்தை மூடியிருக்கும் மெருகுப்பூச்சே ஆகும். மெருகுப்பூச்சு என்பது மரத்தின் மீது பல தடவை மெல்லியதாகப் பூசி, உலரவிட்டு, தேய்த்துப் பளபளப்பாக்கிய பிசின் படலம். அது மரத்துக்குள் ஈரம் விரைந்து புகுவதையும் வெளியேறுவதையும் தாமதப்படுத்துகின்றது, வியர்வை மர இழைகளில் ஊறாமல் தடுக்கின்றது, மரத்தின் இழையோட்டத்தைத் துலக்கிக் காட்டுகின்றது. அப்படலம் தேய்ந்துபோன கருவியை எவ்வாறு பேணுவது என்பதே இவ்வதிகாரத்தின் பொருள். தேய்ந்ததைப் புதிதாக்க முயலாமல், தேய்வு மேலும் பரவாதபடி அதனை நிலைப்படுத்துவதே சரியான வழி என்னும் நிலைப்பாட்டிலிருந்தே பின்வரும் முறைகள் அனைத்தும் தரப்படுகின்றன.

இப்பகுதியில் பழைய கிற்றார்கள் காணப்படுவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. மட்டக்களப்புப் பறங்கியர் சமூகம் தன் திருமணங்களிலும் கொண்டாட்டங்களிலும் கஃப்ரிஞ்ஞா இசையை வயலினோடும் கிற்றாரோடும் காத்து வந்துள்ளது. ஆலயங்களின் பாடகர் குழுக்களில் கிற்றார் இடம்பெற்றது. 1960களின் இறுதியிலிருந்து நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரால் பரவிய ஈழத்துத் தமிழ்ப் பொப் இசை அக்கருவியை இளைஞர் பலரின் கைக்குக் கொண்டுவந்தது. 1978 நவம்பர் சூறாவளியையும் நீண்ட போரையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் கடந்து எஞ்சிய கருவி ஒவ்வொன்றும் ஆகையால் அரிதானதே.

அரிதான கருவியின் தேய்வுத் தடங்களை ஏன் அழிக்கக் கூடாது என்பதற்கு இம்மண்ணிலேயே வலுவான சான்று உண்டு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1947இல் வெளியிட்ட யாழ் நூல், பண்டைத் தமிழர் யாழின் உருவையும் இசையையும் இலக்கியக் குறிப்புகளிலிருந்தும் சிற்பங்களிலிருந்தும் கணக்கீட்டிலிருந்தும் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. ஏனெனில் ஆராய்ந்து பார்ப்பதற்குப் பழைய யாழ் ஒன்றுகூட எஞ்சியிருக்கவில்லை. பொருநராற்றுப்படை யாழின் பத்தரையும் அதனைப் போர்த்திய தோலையும் விரிவாகக் கூறினும், இசைப்பவரின் கை எங்கே படிந்தது, எவ்விடம் அதிகம் உராய்ந்தது என்பதை ஒரு மெய்யான கருவியின் தேய்வு மட்டுமே காட்டியிருக்கும். அவர் பெயரால் 1982இல் கல்லடியில் தொடங்கிய இசை நடனக் கல்லூரி இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்துள்ள சூழலில், வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய கிற்றாரும் இவ்வட்டாரத்து இசை வாழ்க்கையின் ஆவணமே என்று கொள்வது மிகையாகாது.

பூச்சின் இனத்தை அறிதல்

எந்தத் துணியும் எந்தத் திரவமும் கருவியின் மீது படுவதற்கு முன்னர், அதன் மேலுள்ள பூச்சு எவ்வினத்தது என்பதை அறிய வேண்டும். ஒரு பூச்சுக்குத் தீங்கற்ற திரவம் மற்றொன்றைக் கணத்தில் கரைத்துவிடும். பழைய கிற்றார்களில் பெரும்பாலும் மூன்று இனங்கள் காணப்படும்.

முதலாவது அவலரக்கு. அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசினைத் துப்புரவாக்கி மெல்லிய தகடுகளாக உலர்த்தினால் அவலரக்குக் கிடைக்கும். அதனை எதனோலில் கரைத்து, துணிப்பொதியால் நூற்றுக்கணக்கான தடவை ஒற்றித் தேய்த்து ஏற்றும் முறை பிரெஞ்சுப் பொலிஷ் எனப்படும். நைலோன் தந்தி பூட்டிய ஸ்பானிய வகைக் கிற்றார்களில், குறிப்பாகக் கையால் செய்யப்பட்டவற்றில், இது மிகுதி. அரக்கு இந்நாட்டுக்கு அந்நியமானதன்று. மாத்தளை மாவட்டத்து ஹப்புவிடக் கிராமத்தின் அரக்கு வேலைப்பாடு புகழ்பெற்றது. எனினும் சூட்டில் இளக்கி ஏற்றும் அக்கைவினையும் எதனோலில் கரைத்து ஏற்றும் இம்மெருகும் வேறுவேறு என்பதால், ஒன்றில் தேர்ந்தவரிடம் மற்றதை ஒப்படைத்தல் ஆகாது.

இரண்டாவது நைத்திரோசெலுலோசு லக்கர். பருத்தி போன்ற தாவர நாரை நைத்திரிக் அமிலத்தோடு வினைப்படுத்திப் பெறும் பொருளைக் கரைப்பானில் கலந்து விசிறும் இப்பூச்சு, 1920களில் மோட்டார் வாகனங்களுக்கெனப் பரவி, அதே பத்தாண்டில் அமெரிக்கக் கிற்றார்த் தொழிற்சாலைகளுக்கும் வந்தது. கிப்சன், மார்ட்டின் ஆகிய பெயர்களைத் தாங்கிய பழைய கருவிகளின் மெருகு பெரும்பாலும் இதுவே. காலப்போக்கில் இது மெலிந்து, மஞ்சளித்து, மயிரிழை வெடிப்புகளைக் கொள்ளும்.

மூன்றாவது பொலியூரித்தேன், பொலியெஸ்டர் முதலிய செயற்கைப் பூச்சுகள். 1960களின் பிற்பகுதியிலிருந்து பெருந்தொகையாக உற்பத்தியான கருவிகளில் இவை பரவின. இவை தேய்ந்து மெலிவதில்லை. அடிபட்ட இடத்தில் சில்லாகப் பெயர்ந்து விழும். பெயர்ந்த இடத்தின் விளிம்பு கண்ணாடித் துண்டின் ஓரம் போல் தடித்து நின்றால் செயற்கைப் பூச்சு என்றும், விளிம்பே தெரியாமல் பூச்சு மெல்ல மெல்ல மரத்தில் மறைந்தால் முதலிரண்டில் ஒன்று என்றும் பெரும்பாலும் துணியலாம்.

கண்ணால் துணிய இயலாதபோது மட்டும் கரைப்பான் சோதனையை நாட வேண்டும். தோள்வார் ஆணிக்கு அடியிலோ, தந்தி முறுக்கியின் வளையத்துக்கு அடியிலோ மறைந்திருக்கும் இடத்தில், பஞ்சு சுற்றிய குச்சியின் நுனியால் எதனோலை ஒரு கணம் தொட்டால், அவலரக்கு உடனே ஒட்டும் தன்மை கொள்ளும். எதனோலில் பெரிதும் மாறாது அசற்றோனில் உருகுவது நைத்திரோசெலுலோசு. இரண்டுக்கும் அசையாதது செயற்கைப் பூச்சு. இச்சோதனை பூச்சின் ஒரு புள்ளியை இழந்தே செய்யப்படுவதாகையால், ஒரே இடத்தில் ஒரே முறைதான் செய்யப்பட வேண்டும்.

தேய்வையும் அழுக்கையும் பிரித்தறிதல்

வலக்கை முழங்கைக்குக் கீழ்ப்பகுதி உடலின் மேல்விளிம்பில் படியும் இடம், இடக்கைப் பெருவிரல் கழுத்தின் பின்புறம் ஓடும் இடம், ஒலித்துளைக்குக் கீழே நகமோ மீட்டுதகடோ உரசும் இடம் ஆகிய மூன்றும் எல்லாக் கிற்றார்களிலும் முதலில் தேய்வன. மீட்டுதகட்டின் உராய்வு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969 முதல் வாசித்துவரும் மார்ட்டின் கிற்றார் சான்றாகும். விரலால் மீட்டுவதற்கென்று அமைந்த கருவியில் மீட்டுதகட்டைப் பயன்படுத்தியதால் மேற்பலகையில் துளையே விழுந்துள்ளது, ஆயினும் பலகை மாற்றப்படாமல் உட்புறம் வலுவூட்டப்பட்டே அக்கருவி மேடையேறி வருகின்றது. அயர்லாந்துக் கலைஞர் ரோரி கலகர் 1963இல் வாங்கிய ஸ்ட்ராற்றோகாஸ்டர் கிற்றாரோ மெருகின் பெரும்பகுதியை இழந்தும் அவ்வாறே விடப்பட்டது. பின்னர் அதன் தேய்வையே அச்சொட்டாகப் பின்பற்றிப் புதுக் கிற்றார்கள் தொழிற்சாலையில் செய்யப்பட்டன. புதியதைச் செயற்கையாகத் தேய்க்கும் தொழில் உலகில் நடக்கையில், மெய்யான தேய்வை அரத்தாளால் அழிப்பது வருந்தத்தக்க இழப்பு.

மஞ்சளித்த நிறம் அழுக்கன்று. புறவூதா ஒளி பட்டுப் பூச்சின் வேதியமைப்பு மாறுவதால் தோன்றும் அந்நிறத்தைத் தேய்த்து நீக்க முயன்றால் பூச்சுத்தான் நீங்கும். மயிரிழை வெடிப்பும் அழுக்கன்று. ஈரத்தாலும் வெப்பத்தாலும் மரம் விரிந்து சுருங்குகையில், முதுமையால் நெகிழ்வை இழந்த பூச்சு அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் பிளப்பதே அதன் காரணம். வெளிநாட்டு உறவினர் குளிர்காலத்தில் டொரன்டோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ கொண்டுவரும் பழைய கிற்றார்களில் இவ்வெடிப்பு திடீரெனத் தோன்றுவதுண்டு. குளிரிலிருந்து வந்த கருவியை வீடு சேர்ந்தவுடன் திறக்காமல், பெட்டி மூடியபடியே சில மணி நேரம் நிழலில் வைத்து, பெட்டியின் உட்புறம் அறையின் வெப்பத்தை அடைந்த பின்னரே திறக்க வேண்டும்.

உப்பும் பருவக் காற்றும்

நாவற்குடாவில் மெருகின் முதற்பகை உப்பு. சாதாரண உப்பு, காற்றின் சார்பு ஈரப்பதன் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது, காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைசலாகும் இயல்புடையது. சார்பு ஈரப்பதன் என்பது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு உண்மையில் அதில் உள்ளது என்பதன் அளவு; இவ்வூர்களில் இரவிலும் மாரி காலத்திலும் அது 75ஐ எளிதில் கடக்கின்றது. ஆகவே கடற்காற்றால் படிந்த உப்புத் தூளும் வியர்வையில் எஞ்சிய உப்பும் பகலில் உலர்ந்தும் இரவில் நீர்த்தும் மாறிமாறி நின்று, வெடிப்புகளின் வழியே மரத்தை நனைத்து, முறுக்கிகளையும் தந்திகளையும் துருப்பிடிக்கச் செய்கின்றன. வாசித்து முடித்தவுடன் உலர்ந்த துணியால் கருவி முழுவதையும் ஒரு முறை துடைப்பது, இவ்வதிகாரத்தில் கூறப்படும் வேறெந்தச் செயலைக் காட்டிலும் பயன் தருவது என்பதற்கு இதுவே காரணம்.

ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை ஆண்டின் மழையில் பெரும்பங்கைக் கொட்டும். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வறட்சியையும் புழுதியையும் கொண்டுவரும். கிற்றார்களுக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதன் ஏற்றது என்று நூல்கள் கூறினும், பல ஆண்டுகள் வாவிக்கரை ஈரத்தில் வாழ்ந்து பழகிய கருவியை உலர்த்திகளால் திடீரென அவ்வளவுக்கு இறக்குவது நன்மையன்று. மரம் விரைவாகச் சுருங்கினால் பூச்சோடு பலகையும் வெடிக்கும். உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் மெதுவாக மாறுவதே வேண்டற்பாலது. நன்கு மூடும் கடினப் பெட்டி அவ்வேலையைச் செய்யும். மாரியில் மட்டும் சிலிக்கா ஜெல் பொதிகளைப் பெட்டியின் தலைப்புறத்தில் வைத்து, ஈரப்பதன்மானி ஒன்றை உள்ளே இட்டு, அளவு 60ஐ ஒட்டி நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். வாவியை நோக்கிய யன்னலோரத்திலும், ஓட்டுக் கூரையின் ஒழுக்கு இறங்கும் வெளிச்சுவரிலும் கருவியைத் தொங்கவிடலாகாது.

மாரியில் பெட்டியின் வெல்வெற்றுத் துணியில் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்தால், வெறும் பெட்டியை மட்டும் வெயிலில் காயவைத்து, கருவியைக் காற்றோட்டமுள்ள நிழலில் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பூஞ்சணத் தூளை மூச்சில் இழுக்காதிருக்க முகத்தை மூடிக்கொள்வது நலம். பூச்சிக்கு அஞ்சி அலுமாரியில் கற்பூரமும் பூச்சி உருண்டையும் வைக்கும் வழக்கத்தைக் கிற்றார்ப் பெட்டிக்குள் கொண்டுவருதல் ஆகாது. நைத்திரோசெலுலோசை இளக்கிச் செலுலொயிட் என்னும் பிளாஸ்டிக்கை ஆக்குவதற்குப் பயன்பட்ட பொருளே கற்பூரம் என்பதால், மூடிய பெட்டியில் நிறையும் அதன் ஆவி அதே இனப் பூச்சையும் மென்மையாக்கக்கூடும்.

துடைக்கும் முறை

துடைப்பதற்குப் பலமுறை தோய்த்து மென்மையான வெள்ளைப் பருத்தித் துணியே சிறந்தது. மருதமுனைக் கைத்தறிச் சாறன் பழையதானால் மிக மிருதுவாக இருக்கும். எனினும் சாயமிட்ட துணி ஈரத்தில் நிறம் விடலாம் என்பதால், அதனை உலர் துடைப்புக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். முதலில் மென்தூரிகையால் புழுதியை அகற்றாமல் துணியை இழுத்தால், கடல்மணல் துகள்கள் பூச்சைக் கீறும். கச்சான் காலத்தில் இது முக்கியம்.

உலர் துடைப்புக்கு நீங்காத வியர்வைப் படிவுக்கு, காய்ச்சி வடித்த நீரில் துணியின் ஒரு மூலையை நனைத்து, இறுகப் பிழிந்து, உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் துடைத்து, உடனே மற்றொரு துணியால் உலர்த்த வேண்டும். இவ்வூர்க் கிணற்று நீர் பல இடங்களில் உவர்நீர். உப்பை அகற்ற உப்பு நீரையே பயன்படுத்துவதில் பொருளில்லை. வாகன மின்கலத்துக்கென விற்கும் நீரை வாங்குவோர் அது அமிலம் கலவாத நீரே என்பதைப் போத்தலில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். துணியில் கபில நிறம் ஏறினால் அழுக்கு அகல்கின்றது. துணி ஒட்டத் தொடங்கினாலோ மெருகின் பளபளப்பு மங்கினாலோ பூச்சே கரைகின்றது, அக்கணமே நிறுத்த வேண்டும். மரம் வெளித்தெரியும் இடத்திலும் பூச்சு செதிலாக எழும்பிய இடத்திலும் ஈரத்துணி படவே கூடாது.

எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின், நைத்திரோசெலுலோசுப் பூச்சிலும் செயற்கைப் பூச்சிலும் நப்தா என்னும் பெற்றோலிய வடிப்பைச் சில துளி துணியில் இட்டுத் துடைக்கலாம். அது விரைந்து தீப்பற்றுவதால் அடுப்பும் விளக்கும் இல்லாத திறந்த இடத்தில் செய்ய வேண்டும். தளபாடங்களுக்கான சிலிக்கன் கலந்த தெளிப்புப் பொலிஷ் வெடிப்புகளுக்குள் புகுந்தால் அதனை முற்றாக அகற்ற இயலாது. பின்னர் எப்பூச்சும் அவ்விடத்தில் ஒட்டாது. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் தவறே. அது ஒருபோதும் உலர்ந்து படலமாகாமல், புழுதியைப் பிடித்து, காலப்போக்கில் சிக்குநாற்றம் கொள்ளும். மெழுகு பூச விரும்புவோர் நுண்பளிங்கு மெழுகைப் பயன்படுத்தலாம். 1950களில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பேணற் பணிக்கென உருவான இவ்வகை மெழுகை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் இடவேண்டியதில்லை, வெடிப்புள்ள பரப்பில் இடவே கூடாது. வெடிப்பில் தங்கும் மெழுகு வெள்ளைக் கோடாக நிலைத்துவிடும்.

வெளியிலிருந்து வரும் மூன்று தீங்குகள் இவ்வட்டாரத்தில் தனிக்கவனம் பெற வேண்டியவை. டெங்குக்கு அஞ்சிக் கையில் பூசும் நுளம்பு விரட்டிக் களிம்புகள் பலவற்றில் உள்ள டீட் என்னும் வேதிப்பொருள் லக்கரையும் பிளாஸ்டிக்கையும் கரைக்க வல்லது. மாலை வேளையில் வாசிப்போர் களிம்பைக் காலில் மட்டும் பூசி, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே கருவியைத் தொட வேண்டும். இறப்பர் அல்லது மென்பிளாஸ்டிக் உறையுள்ள தாங்கிகளும் தோள்வார்களும் நைத்திரோசெலுலோசோடு பல நாள் தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றின் இளக்கிப் பொருள் பூச்சுக்குள் பெயர்ந்து ஒட்டும் தழும்பை உண்டாக்கும். தாங்கியைப் பருத்தித் துணியால் சுற்றிவைத்தால் இது நேராது. மூன்றாவது, வாணி விழாவில் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடும் வழக்கம். அது கருவிக்குச் செய்யும் மரியாதை; அதனைக் கைவிடச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஈரச் சந்தனமும் குங்குமச் சாயமும் பூச்சில்லாத மரத்தில் ஊறினால் கறை நீங்காது என்பதால், பொட்டைப் பெட்டியின் மூடியிலோ, கழுத்தில் கட்டிய மஞ்சள் துணியிலோ இடுவது பொருந்தும்.

மரம் வெளித்தெரியும் இடங்கள்

பூச்சு முற்றாகத் தேய்ந்து மரம் சாம்பல் நிறமடையத் தொடங்கினால், அங்கே வியர்வை இழைகளுக்குள் சென்றுகொண்டிருக்கின்றது என்று பொருள். கழுத்தின் பின்புறத்தில் இது பெரும் கேடன்று. பல வாசிப்போர் அவ்வழுவழுப்பையே விரும்புவர். மேற்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் முதலிய மென்மரமாதலால் அங்கே தேய்வு நின்றுவிடாது. கை படியும் இடத்தின் மீது மெல்லிய பருத்தித் துணியையோ முழுக்கைச் சட்டையின் கையையோ இடுவதே முதல் மருந்து. பல கருவிகளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை.

அதற்கு மேலும் காப்பு வேண்டுமெனில், மெழுகு நீக்கிய அவலரக்கை எதனோலில் பத்துக்கு ஒன்று என்னும் நிறை விகிதத்தில் கரைத்து, மெல்லிய தூரிகையால் வெளித்தெரியும் மரத்தில் மட்டும் ஓரிரு தடவை பூசலாம். எதனோல் சுற்றியுள்ள பழைய பூச்சை இளக்கக்கூடும் என்பதால், விளிம்பைத் தொடாமல் ஒரு நூலிழை இடைவெளி விடுவது அவசியம். பல மாதம் வைத்திருந்த கரைசல் இறுகி உலராது. அன்றன்று வேண்டிய அளவை மட்டும் கரைத்தல் நன்று. இவ்வேலையை மாரியில் செய்யலாகாது. எதனோல் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால்போல் வெளுத்துவிடும். ஆனி, ஆடி மாதங்களில், கச்சான் வலுக்கும் முன் உள்ள முற்பகலில், யன்னல்களை அடைத்த அறையில் செய்தால் வெளுப்பும் புழுதியும் தவிரும். இப்பூச்சைப் பின்னாளில் எவரும் எதனோலால் அகற்றிவிட முடியும் என்பதே இதனைத் தேர்ந்ததன் காரணம். பேணற்கலையில் இது மீளத்தகு செயல் எனப்படும். செதிலாக எழும்பிய பூச்சை விரைவொட்டுப் பசையால் அழுத்தி ஒட்டுவது மீளத்தகாத செயல். அத்தகைய இடத்தைத் தொடாமல் விட்டு, இசைக்கருவி வினைஞரிடம் காட்ட வேண்டும்.

தளபாடப் பட்டறையில் கொடுத்துப் பழைய மெருகைச் சுரண்டி, சீலரும் லக்கரும் விசிறிப் புதுக்கும் வழி மலிவானது, விரைவானது, அதனாலேயே ஆபத்தானது. பட்டறைத் தொழிலாளரின் திறமை இங்கு வினாவன்று. கதிரைக்கும் அலுமாரிக்கும் ஏற்ற தடித்த பூச்சு, அதிர வேண்டிய மெல்லிய பலகைக்கு ஏற்றதன்று, அரத்தாளோ பலகையின் தடிப்பையே குறைத்துவிடும். பழைய கருவிகளை வாங்குவோரும் முழுதாகப் புதுக்கப்பட்டதற்கு மூல மெருகுள்ளதைவிடக் குறைந்த விலையே தருவர்.

வினைஞரிடம் கொடுக்குமுன், பகல் வெளிச்சத்தில் முன், பின், பக்கங்கள், கழுத்து ஆகியவற்றைப் புகைப்படம் எடுத்து, தேய்ந்த இடங்களின் நீள அகலத்தை அளந்து எழுதிவைக்க வேண்டும். என்ன பொருள், எவ்விடத்தில், எத்தனை தடவை, எந்த நாளில் இடப்பட்டது என்பதை வினைஞரிடமிருந்து எழுத்தில் பெற்று, அத்தாளைக் கருவியின் பூச்சில் படாதவாறு பெட்டியின் துணைப்பொருள் அறையில் வைக்க வேண்டும்; வீட்டில் இடப்படும் மெழுகையும் அரக்கையும் அதே தாளில் பென்சிலால் தொடர்ந்து குறித்துவந்தால், அடுத்து அக்கருவியைக் கையேற்பவர் எந்தக் கரைப்பானைத் தவிர்க்க வேண்டும் என்பதைச் சோதனையின்றியே அறிந்துகொள்வார்.